அம்மாவின் அரைக் குளிசை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
திருவள்ளுவர் ஆண்டு 2040, புரட்டாதி 11
27 செப்ரெம்பர் 2009

அன்பு மகள் பூங்கோதைக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகன் சுந்தரும் வயிற்றில் வளரும் பிள்ளையும் நலமென்று உன் மடல் சொல்லிற்று. அந்நலம் பேறுகாலம் கடந்தும் உங்களோடு நிலைக்கட்டும். நலம் என்னும் சொல்லை இத்தனை ஆண்டுகளாகக் கடிதத்தின் தலையில் மறுசிந்தனையின்றி எழுதி வந்தவன் நான். இம்முறை எழுதும்போது கை சற்றுத் தயங்கியது. காரணம் கேட்டால் சிரிப்பாய், சிரித்து முடிந்தபின் சிரித்ததற்கு வருந்துவாய். உன் அம்மா நலமடைந்துவிட்டாள். அதுதான் இப்போது எங்கள் வீட்டில் பெரும் இடராக வந்து நிற்கிறது. அந்த நலத்தினால்தான் அவள் உன் பேறுகாலத்துக்கு வரலாமா கூடாதா என்ற வழக்கு இரண்டு மாதமாக இங்கே நடக்கிறது. முழுவதையும் முறையாக எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல இயலாது, ஏனெனில் நான் ஓர் அறையில் ஒன்றை எடுத்தால் அவள் மற்ற அறையில் மற்றதை எடுத்துவிடுகிறாள்.

முதலில் உன் செய்திக்கு வருகிறேன். நீ மின்னஞ்சலில் அனுப்பிய பக்கங்கள் அனைத்தையும் நூலகத்தில் அச்செடுத்து, மேசையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வேலை பார்த்த மருத்துவமனை உன் பகுதியை மூடிவிட்டபோது நீயும் தோழி வனஜாவும் மூலையில் இருந்து அழாமல் சொந்தமாக ஓர் இயன்முறை மருத்துவ நிலையம் திறந்தது எனக்குப் பெருமை. இரண்டே பேர் வேலை செய்யும் இடத்துக்கு அவ்வளவு பெரிய பெயர்ப்பலகை எதற்கு என்று கேட்டது அம்மா, நான் அல்லன். பழைய வேலையிடம் தந்த மருத்துவக் காப்பு ஒக்ரோபர் முடிவோடு அறுந்துபோகிறது, பிள்ளை நவம்பர் முதற்கிழமையில் பிறக்க இருக்கிறது, சுந்தரின் ஆய்வு மாணவர் காப்பு அவர் ஒருவரை மட்டுமே தாங்கும், ஆகவே நீ உடனே புதிய காப்பு ஒன்றை எடுத்தாக வேண்டும் என்பதெல்லாம் நன்கு விளங்கிற்று. விளங்க நேரம் எடுத்தது அந்தச் சந்தை. உங்கள் அமெரிக்க மாநிலத்தில் ஒவ்வொருவரும் காப்பீடு வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் செய்து, வாங்குவதற்கெனக் கணினிக்குள் ஒரு சந்தையும் திறந்து, அதில் வெண்கலம், வெள்ளி, பொன் என்று தட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். சந்தை என்றால் கத்தரிக்காயைக் கையில் எடுத்து அமத்திப் பார்க்கலாம், விற்பவரைப் பார்த்து முகம் சுளிக்கலாம், இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தால் விலை இறங்கும். இந்தச் சந்தையில் எதையும் அமத்த முடியாது. வாங்கியது நல்ல காயா சொத்தைக் காயா என்பது நோய் வந்தபின்தான் தெரியும். பொன் என்ற தட்டின் மாதக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "சம்பந்தி வீட்டார் கேக்காத பொன்னை உவங்கள் மாசாமாசம் கேக்கிறாங்கள்" என்றாள்.

என் கருத்தைக் கேட்டாய், சொல்கிறேன். வெண்கலம் மலிவாக இருக்கிறது, மிஞ்சும் பணத்தில் நிலையத்துக்கு இன்னொரு கட்டில் வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணத்தை இன்றே விடு. வெண்கலத் தட்டில் மாதக் கட்டணம் குறைவு, ஆனால் மருத்துவமனைக்குப் போனால் முதலில் ஒரு பெருந்தொகையை நீயே உன் கையிலிருந்து கட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பீட்டுக்காரர் கண் திறப்பார். நோய் வருமா வராதா என்று தெரியாதவர்கள் துணிந்து செய்யும் வேலை அது. உனக்கு இன்ன கிழமையில் மருத்துவமனைக்குப் போகப்போகிறேன் என்று இப்போதே தெரியும். தெரிந்துகொண்டே அதைத் தேர்வது, மழைக்குள் நின்றுகொண்டு குடைக்கடையில் விலை பேசுவது போன்றது. வெள்ளித் தட்டுக்குக் கீழே இறங்காதே. உன் மகப்பேற்று மருத்துவரின் பெயர் அந்தத் திட்டத்தின் மருத்துவர் வரிசையில் இருக்கிறதா என்று அவருடைய பணிமனையிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கு. அடுத்தது, தனியாளாக வாங்குவதா சிறுநிறுவனமாகச் சேர்ந்து வாங்குவதா என்ற கேள்வி. சிறுநிறுவனமாக என்றால் வனஜாவும் சேரவேண்டும் என்கிறாய். அவருக்குக் கணவரின் வேலையிடக் காப்பு இருக்கிறது, வேறொன்று தேவையில்லை. உன் பொருட்டு அவரையும் சேர்ந்து கட்டச் சொல்வது நட்பின் மேல் விதிக்கும் வரி. நிறுவனம் தொடங்கி மூன்று மாதத்தில் அதை விதிக்காதே. இவ்வாண்டு தனியாளாக வாங்கு, நாலு பேரை வேலைக்கு வைக்கும் காலத்தில் நிறுவனமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் உங்கள் சந்தையின் பெருமையாகச் சொல்வேன். நிறைவயிறோடு போய் நின்றாலும் உன்னை வாசலில் மறித்து, நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை என்கிறாய். இங்கே உன் அம்மாவைத் திருப்பி அனுப்பியது வயிறும் அன்று, நோயும் அன்று.

சிவபாதத்தை உனக்குத் தெரியும். உன் திருமணத்தில் பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் தன் படம் போட்ட நாட்காட்டி கொடுத்த காப்பீட்டு முகவர். இந்நகரில் நம்மவர் வீட்டில் பூப்பு நீராட்டு, திருமணம், இறப்பு எதுவானாலும் ஐயருக்கு முன் வருபவர் அவர். எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் நுழைந்தால் நம் மாகாணத்து மருத்துவ அட்டை எல்லைக் கதவு வரை வந்து கையசைத்துவிட்டு நின்றுவிடும், அங்கே ஏதேனும் நேர்ந்தால் பயணக் காப்பீடுதான் துணை. ஆகவே உன்னிடம் வருவதற்கு அம்மாவுக்கு ஒரு பயணக் காப்பீடு எடுக்க யூலை மாதத்தில் அவரை அழைத்தோம். வந்தார், வடை சாப்பிட்டார், படிவத்தை விரித்தார். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் மருந்தில் ஏதேனும் மாற்றம் உண்டா என்பது அதில் ஒரு வினா. அம்மா உண்மையைச் சொன்னாள். மே மாதத்தில் குருதி அழுத்தத்துக்கான குளிசையை மருத்துவர் அரையிலிருந்து முழுதாக்கினார் என்றாள். சிவபாதம் பேனையை மேசையில் வைத்துவிட்டார். "அக்கா, அப்ப நீங்கள் ஸ்டேபிள் இல்லை" என்றார். மருந்து மாறிய நாளிலிருந்து ஆறு மாதம் அப்படியே இருந்தால்தான் ஒருவர் நிலையானவராம். அதற்கு முன் அந்த அழுத்தத்தினாலோ அதன் வழியாக நெஞ்சிலோ மூளையிலோ எது வந்தாலும் ஒரு காசும் தரமாட்டார்களாம். மே பதினெட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் நவம்பர் நடுப்பகுதியில்தான் உன் அம்மா நிலையானவள் ஆவாள். உன் பிள்ளையோ நவம்பர் முதற்கிழமையில் வருகிறது.

மே மாதத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுதவேண்டியதில்லை. மாசி தொடங்கி, போருக்குள் அகப்பட்ட உன் சின்னம்மா கோணேஸ்வரியிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. போரை நிறுத்தச் சொல்லிக் குளிரிலும் மழையிலும் நகர நடுவில் தெருவில் நின்றோம், நான் ஒலிவாங்கி கிடைத்த இடத்திலெல்லாம் முழங்கினேன், அம்மா தங்கையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பின்னர் ஒரு நாள் போர் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அந்தக் கிழமை நம் குடும்ப மருத்துவரின் முன்னறையில் இருக்க இடமில்லை. அறிந்த முகங்கள்தாம் எல்லாம், ஒருவரையொருவர் பார்க்கவில்லை, சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே போனவர்களில் பாதிப்பேருக்கு அரை முழுதாயிற்று, மற்றவர்களுக்கு ஒன்று இரண்டாயிற்று. அந்த மாதத்தில் நம்மவருள் நிலையாக இருந்தவர் எவர் என்று சிவபாதத்தைக் கேட்டேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, என்னைக் கேட்டால்? எனக்கும் கூட்டினவை. நானும் என்ர கொம்பனியிலை எனக்கு எடுக்கேலாமல்தான் இருக்கிறன்" என்றார்.

இதன்பிறகு உன் அம்மா தன் போரைத் தொடங்கினாள். நாள்தோறும் காலை எதிர்வீட்டு வேரோனிக்காவைக் கூட்டிக்கொண்டு அங்காடி மாளிகை திறக்குமுன் அதன் உள்நடையில் கைவீசி நடந்தாள். உப்பை ஒழித்தாள், எனக்கும் சேர்த்து ஒழித்தாள். தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடினாள். ஓகஸ்ட் நடுவில் வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் கைப்பேசியில் கோணேஸ்வரியின் குரல் வந்தது. இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை, அதில் பாதி இருவரும் மாறி மாறி அழுதது, மீதியில் அவள் கேட்டது பூங்கோதைக்கு எத்தனையாம் மாதம் என்பதை. அடுத்த கிழமை அம்மா மருத்துவரிடம் போனாள். கருவி காட்டிய அழுத்தத்தைக் கண்டு மருத்துவர் வியந்து, இப்படியே இருந்தால் பழையபடி அரைக் குளிசை போதும் என்று எழுதிக் கொடுத்தார். அவள் எண்ணம் என்னவென்று பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. அரை முழுதானதுதானே அவர்களுக்குக் குற்றம், முழுதை மீண்டும் அரையாக்கிவிட்டால் வழக்கு முடிந்ததென்று இவளே தனக்குள் தீர்ப்பெழுதியிருக்கிறாள். அன்று சிவபாதத்தை மறுபடி வரவழைத்தாள். உழுந்து வடையோடு பாயசமும் செய்தாள். அவர் அமர்ந்ததும் குளிசைப் போத்தலை, பள்ளியிற் பரிசு வாங்கிய பிள்ளை காட்டுவதுபோல் நீட்டினாள்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். "ஐயோ அக்கா, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார். கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம் என்று படிவத்திலேயே இருக்கிறதாம். மே மாதக் கணக்கு அழிந்து, ஓகஸ்ட் கடைசியிலிருந்து புதிய ஆறு மாதம் தொடங்கிவிட்டதாம். பேசாமல் நோயாளியாகவே இருந்திருந்தால் நவம்பரில் நிலையானவளாகியிருப்பாள், சுகமானபடியால் பெப்ரவரி வரை காத்திருக்கவேண்டும். அம்மா பாயசத்தை அவருக்கு முன்னால் வைத்து, "அப்ப நான் திரும்பவும் டென்சன் ஆகவேணுமோ, தம்பி?" என்று கேட்டாள். அதுவும் மாற்றந்தான் அக்கா என்று அவர் உண்மையாகவே விடை சொன்னார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அந்த நிறுவனத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். என் தாய்மொழியில்தான் பேசுவேன் என்றேன்; எடுத்த நிறுவனத்துப் பெண் சற்றுநேரம் இசை கேட்கவைத்துவிட்டு, ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். சஜிதா என்ற பெண், குரல் நல்ல குரல். நான் தொடங்கினேன். ஓர் இனத்தின் நெஞ்சு உடைந்த மாதத்தை ஒரு மூதாட்டியின் குறைபாடென்று குறித்துவைக்கும் அறம் எது என்று கேட்டேன், தங்கை உயிரோடிருக்கிறாள் என்ற செய்தியால் ஒருத்தி தேறினால் அந்தத் தேறுதலைக் குற்றப்பட்டியலில் சேர்க்கும் நாகரிகம் எந்த நாட்டினது என்று கேட்டேன், இன்னும் பல கேட்டேன். நிறுத்தியபோது என் கை உயர்ந்திருந்ததைச் சுவர்க் கண்ணாடியில் கண்டு இறக்கிக்கொண்டேன். மறுமுனையில் சஜிதா, இவருடைய மனைவிக்கு மே மாதத்தில் கவலை இருந்தது, இப்போது சுகம் என்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். நான் கூறியது அதைவிடச் சற்றுக் கூடுதல் என்று சொன்னேன். "அங்கிள், அவவுக்கு நான் வேற எப்பிடிச் சொல்லுறது? அவ கேக்கிறது, குளிசை மாறினதோ இல்லையோ எண்டு. ஓம், இல்லாட்டி இல்லை. ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ" என்றார். ஓம் என்றேன். நாற்பது ஆண்டு மேடை வாழ்வில் நான் ஆற்றிய மிகக் குறுகிய உரை அதுதான். நிறுவனத்துப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனபின், இணைப்பு அறுமுன், சஜிதா மெல்லிய குரலில், "என்ர அப்பாவுக்கும் மேயிலைதான் கூட்டினவை, அங்கிள்" என்றார். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

இதன்பின் இவ்வீட்டில் எழுந்த திட்டங்கள் பல. சிவபாதம் ஒரு நாள் ஓடிவந்து, "அண்ணை, பிள்ளை சொந்தமாய்க் கொம்பனி வைச்சிருக்கிறாளெல்லே, அக்காவை அதிலை ஒரு ஆளாய்ப் போட்டு அங்கத்தைய சிறுகொம்பனிக் காப்பை எடுத்தால் என்ன? அவங்கள் வருத்தக்காரரையும் எடுப்பாங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார். இங்கே நம்மவர் கடைகளில் மைத்துனி கணக்காளர், மாமியார் மேற்பார்வையாளர் என்று பெயர் கொடுத்துக் கூட்டுக் காப்பீட்டுக்கு ஆள் சேர்த்துப் பழகிய கை அது. விருந்துக்கு வரும் தாய் மகளுக்கு ஊழியராவதற்கு வேலை உரிமையும் வேண்டும், அங்கே வதிபவராகவும் இருக்கவேண்டும், இரண்டும் இல்லாமல் எழுதினால் எல்லைக் காவலர் உன் நிறுவனத்துக்கே பூட்டுப் போடுவார் என்று நான் மறுத்தேன். அம்மா மட்டும், சம்பளம் எவ்வளவு, கிழமையில் எத்தனை நாள் விடுப்பு என்று விசாரித்தாள். பிறகு, நீ இங்கே வந்து பிள்ளை பெற்றால் என்ன என்று நான் ஒரு வழி சொன்னேன். அதுவும் நடவாது. இந்நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்ததால் உன் மாகாண அட்டை செல்லாது, திரும்பி வந்து குடியேறினாலும் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். அங்கே நீ வாங்கப்போகும் வெள்ளித் தட்டோ இங்கே பேறுகாலத்துக்கு வராது. தாய்க்கு எல்லைக்கு இந்தப் பக்கத்தில்தான் காப்பு, மகளுக்கு அந்தப் பக்கத்தில்தான் காப்பு, பிறக்கப்போகும் பிள்ளைக்காக எல்லைப் பாலத்தின் நடுவில் ஒரு கட்டில் போட எவருக்கும் அதிகாரம் இல்லை. கடைசியாகச் சிவபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்டும் நடவாது அண்ணை, மருந்து மாறினதோ எண்ட இடத்திலை இல்லை எண்டு ஒரு கோடு போடுவம். எல்லாரும் போடுறவைதான்" என்றார்.

மகளே, நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. ஆனால் நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "தம்பி, ஒண்டும் நடவாட்டில் எனக்கு உந்தக் கடுதாசியே தேவையில்லை. நடந்தால் அவங்கள் டொக்டரிட்டைக் கேப்பாங்கள். அப்ப பொய் எழுதினனான் எண்டு கிழிச்சுப் போடுவாங்கள், காலை முறிச்சதுக்கும் தரமாட்டாங்கள். உள்ளதை எழுதுங்கோ" என்றாள். உள்ளதை எழுதினார். காப்பு வந்துவிட்டது. படியில் விழுந்தால் தருவார்கள், கார் மோதினால் தருவார்கள், நாய் கடித்தாலும் பல் உடைந்தாலும் உணவு நஞ்சானாலும் தருவார்கள். குருதி அழுத்தம், நெஞ்சு, மூளை, இவற்றின் வழி வரும் எதற்கும் இல்லை. சிவபாதம் அதைப் படித்து முடித்ததும் அம்மா என்னைப் பார்த்து, "நெஞ்சு, ரத்தம் எண்டு நீங்கள் மேடையிலை கதைக்கிற சாமான் ரெண்டும் போச்சு, மிச்சமெல்லாத்துக்கும் காப்பிருக்கு" என்றாள். அதைச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிவபாதம் சிரிக்கலாமா என்று தெரியாமல் நாட்காட்டியைச் சுவரில் நேராக்கினார். நான் மட்டும் இரவு உணவுக்குப்பின் ஒரு முறை கேட்டேன், பெப்ரவரியில் போகலாமே என்று. "பெப்ரவரியிலை பிள்ளைக்கு மூண்டு மாசம். அப்ப நான் என்னத்துக்கு, பாக்கவோ?" என்றாள். மேடையில் எனக்கு எதிர்வாதம் செய்தவர்கள் எவருக்கும் இல்லாத சுருக்கம் அவளுக்கு உண்டு.

ஆகவே அவள் வருகிறாள். ஒக்ரோபர் இருபத்து நாலாம் நாள், சனிக்கிழமை. வேரோனிக்காவின் தமக்கை உன் ஊருக்கு அடுத்த ஊரில்தான் இருக்கிறார், அவரோடு சில கிழமை தங்க வேரோனிக்காவும் கணவர் அல்பேட்டும் தங்கள் வான் வண்டியில் வருகிறார்கள், அம்மாவைக் கொண்டுவந்து உன் வாசலில் இறக்குவார்கள். நான் வரவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடக்கிறது. இவ்வேளை விடுப்புக் கேட்பவருக்கு நிரந்தரமாகவே கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் நத்தார் விடுமுறையில் வருவேன். பிள்ளை பெற்றவளின் சமையலுக்கான சரக்குத்தூள் அரைத்துத் தனித்தனிப் பைகளில் கட்டியிருக்கிறாள், மிளகு, மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் பெரிய பெட்டியில் போய்விட்டன, என்னுடைய இரண்டு குளிருடைகளை வெளியே எடுத்துப் போட்டுத்தான் அதற்கு இடம் கண்டாள். எல்லையில் அதிகாரி கேட்டால் எல்லாம் மருந்தென்று சொல்லாதீர்கள், சமையலுக்கென்று சொல்லுங்கள் என்று அல்பேட்டுக்குப் படிப்பித்து வைத்திருக்கிறேன். மருந்தென்ற சொல்லே இவ்வாண்டு நமக்கு ஆகிவரவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இக்கடிதமே. நேற்று அம்மாவும் வேரோனிக்காவும் கீழே துணி துவைக்கும் அறையில் இருந்தார்கள், நான் சவர்க்காரம் கொண்டுபோனேன், கதவு திறந்திருந்தது. அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "அங்கை எனக்கு ஏதும் செய்யுதெண்டால் நான் பிள்ளைக்கு வாய் திறக்கமாட்டன், வேரோனிக்கா. அந்த ஆசுப்பத்திரிப் பில் வந்தால் அதுகள் தொடங்கின கடையை மூடவேண்டி வரும். உங்களுக்கு ஒரு போன் அடிப்பன், வந்து வானிலை ஏத்தி இஞ்சாலை கொண்டு வந்திடுங்கோ." வேரோனிக்கா, "என்ன விசர்க்கதை கதைக்கிறியள் அக்கா, நயாகரா மட்டும் எட்டு மணித்தியால ஓட்டம், லைனிலையும் நிக்கவேணும்" என்றார். அதற்கு உன் அம்மா, "நான் பொறுப்பன்" என்றாள். நான் சவர்க்காரத்தோடு திரும்பி மேலே வந்துவிட்டேன். நான் கேட்டது அவளுக்குத் தெரியாது. வேரோனிக்காவிடமும் அல்பேட்டிடமும் பின்னர் தனியே பேசிவிட்டேன். அப்படியொரு அழைப்பு வந்தால் அவர்கள் வானை எடுக்கமாட்டார்கள், உனக்கும் அவசர வண்டிக்கும்தான் தொலைபேசி எடுப்பார்கள். ஆனால் அவர்களையே அழைக்காமல் விடக்கூடியவள் அவள். எனவே பார்த்துக்கொள்ளவேண்டியவள் நீதான், பிள்ளை பெற்ற உடம்போடு.

அவள் சுகமாக இருக்கும்போது குறை சொல்வாள், அது உனக்குத் தெரியும். உன் அடுப்பு சரியில்லை என்பாள், சுந்தரின் ஊர்ச் சாம்பாரில் இனிப்பு என்பாள், பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியவில்லை என்பாள். சொல்லட்டும்; எத்தனை குறை சொல்கிறாளோ அத்தனையும் நற்செய்தி. மே மாதத்தில் அந்தச் செய்தி வந்த நாளில் நானும் வேரோனிக்காவும் அருகில்தான் இருந்தோம். அவள் அழவில்லை, தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை. மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து உதறி, மறுபடி மடித்து, அடுக்கி, மறுபடி எடுத்தாள். ஒரு சொல் இல்லை. மருத்துவரிடம் கொண்டுபோனபோது கருவி காட்டியதைக் கண்டு அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆகவே இதை மனத்தில் வைத்துக்கொள். அவள் குறை சொல்வதை நிறுத்தினால், மடித்த துணியை மறுபடி மடித்தால், எனக்கு ஒன்றுமில்லை பிள்ளை என்று நீ கேளாமலே சொன்னால், அவளோடு வழக்காடாதே. உடனே அவசர வண்டியை அழை. சுந்தருக்கும் இதைச் சொல்லி வை, அவர் நல்ல பிள்ளை, மாமி ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே நம்பிவிடுவார். மருத்துவமனையில் அவள் கட்டில் மீதிருந்து கட்டணம் எவ்வளவு என்று கேட்பாள். அரசாங்கம் கட்டுகிறது என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று தெரியவேண்டாம். பொய்தான். படிவத்தில் எழுதாத பொய் ஒன்றை அவள் காதில் சொல்வதற்கு நான் உனக்கு அனுமதி தருகிறேன். கட்டணச் சீட்டு வந்தால் பிரிக்காமல் என் பெயருக்கு அனுப்பு. இந்த வீட்டில் விற்கக்கூடியது அதிகமில்லை, ஆனால் இன்னும் பத்தாண்டுக்குச் சிறுகச் சிறுகக் கட்டும் பொறுமை எனக்கு உண்டு. அமெரிக்க மருத்துவமனையோடு அதைப்பற்றிப் பேச மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம், நானே ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்வேன்.

உனக்கு நற்பேறு கிட்டட்டும். பிள்ளை முழு உடலோடும் நல்ல குரலோடும் பிறக்கட்டும், சுந்தரின் ஆய்வு முடியட்டும், வனஜாவுக்கும் உனக்கும் நிலையத்தில் நாளும் ஆட்கள் வரட்டும், உன் சின்னம்மா முகாமைவிட்டு வெளியே வரும் நாளும் விரைவில் வரட்டும். வெள்ளித் திட்டத்தை இக்கிழமையே வாங்கு, கடைசி நாள்வரை வைத்திருக்காதே, வாங்கியதும் ஒரு வரி எழுது. சனிக்கிழமை மாலை அவள் வந்து இறங்கியதும் முதலில் எனக்குத் தொலைபேசி எடுத்து, உன் வீட்டைப் பற்றி அவள் என்ன குறை சொன்னாள் என்று மட்டும் சொல். அதைக் கேட்டபின்தான் நான் அன்று உறங்கப்போவேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
கா. திருச்செல்வம்